மீண்டும் சேர்தல் – சில குறிப்புகள்

1

சினிமாப் பாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன முகாந்திரம் என்று கேட்கப்படலாம். கேட்கக்கூடியவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். அவர்களில் இருவராவது 1964ஆம் வருஷத்துப் பாடல்களை ராத்திரியில் தனியே வைத்துக் கேட்பவர்கள். ஆனால் எழுத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம் சூழலில் ரஸனைக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள் உண்டு. ஒன்று பிறருக்குக் காட்ட, மற்றது தனக்கு வைத்துக்கொள்ள. வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

நான் எழுத வந்தது பாட்டைப் பற்றிக்கூட அல்ல. பிரிந்துபோன இருவரோ நால்வரோ மீண்டும் ஒன்றுசேரும்போது, அவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் கண்ணீர் விடுகிறார்கள் என்பதுதான் என் பிரச்னை. அந்தக் கண்ணீர் கலையைச் சார்ந்ததா, வேறு எதையாவது சார்ந்ததா? விமர்சனத்துக்கு அதில் ஏதும் வேலை உண்டா? இவ்வளவுதான் கேள்வி. இதைக் கேட்பதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் கிளைக்கு ஓய்வூதியக்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருவார்கள். தாம் உயிரோடு இருப்பதாகத் தாமே வந்து கையெழுத்துப் போட வேண்டிய சடங்கு. திருவண்ணாமலையில் அது தீபத்துக்குக் கூட்டம் சேரத் தொடங்குகிற பருவம். வெளியே தேரடித் தெருப் பக்கம் பந்தலும் ஒலிபெருக்கியும், உள்ளே கிழவர்களின் வரிசை. அந்த வரிசையில் வருடாவருடம் வரும் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், நான் ஏதோ எழுதுகிறவன் என்று தெரிந்துகொண்டதிலிருந்து, கையெழுத்துப் போட்ட பிறகும் போக மாட்டார். பேச்சு எப்படித் தொடங்கினாலும் விஸ்வநாதன் – ராமமூர்த்தியில் வந்து நிற்கும். 1965இல் அவர்கள் பிரிந்தபோது இவருக்குப் பதினெட்டு வயது. தன் வீட்டில் யாரோ பாகம் பிரித்துக்கொண்டு போனதுபோல் இருந்தது என்பார்.

முப்பது வருஷம் கழித்து, 1995இல், அவர்கள் இருவரும் ஒரு படத்துக்காக மீண்டும் சேர்ந்தார்கள். சத்யராஜ் நடித்து சந்தான பாரதி இயக்கிய ‘எங்கிருந்தோ வந்தான்’. பிரியதர்ஷனின் ‘சித்ரம்’ என்ற மலையாளப் படத்தின் தமிழ் வடிவம். வாத்தியார் அந்த கேஸட்டை வந்தவுடனே வாங்கியிருக்கிறார். முதல் பக்கத்தை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். இரண்டாம் பக்கத்தை இன்றுவரை கேட்கவில்லை.

“ஏன் சார்?” என்றேன்.

“கேட்டுட்டா முடிஞ்சிடும் தம்பி” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

2

முதலில் விவரங்கள். நம்மவர்களுக்கு விவரங்கள் மேல் ஒரு அலட்சியம் உண்டு. பார்வை இருந்தால் போதும் என்று நினைக்கிறோம்.

இருவரும் சி. ஆர். சுப்பராமனின் வாத்தியக் குழுவிலிருந்து வந்தவர்கள். ராமமூர்த்தி திருச்சிக்காரர், 1922இல் பிறந்தவர், வயலின் வித்வான். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர். அவர் கை ஹார்மோனியத்தில். 1952இல் சுப்பராமன் இளம் வயதிலேயே இறந்தபோது ‘தேவதாஸ்’ போன்ற படங்களில் அவர் விட்டுப்போன வேலையை இருவரும் சேர்ந்து முடித்துக்கொடுத்தார்கள். அதே வருஷம் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தில் இரண்டு பெயரும் ஒரு சிறு கோட்டால் இணைந்து முதன்முதலாகத் திரையில் வந்தன. வடக்கே சங்கர் – ஜெய்கிஷன் இருந்தார்கள், அந்த மாதிரி இங்கேயும் ஒரு ஜோடி. வயதில் மூத்தவர் பின்னால் நின்று இளையவரைத் தாங்கட்டும் என்று என்.எஸ்.கே.தான் பெயர் வரிசையை அமைத்தார் என்று சொல்வார்கள்.

பதின்மூன்று வருஷம் அந்தக் கோடு நிலைத்தது. 1961இல் மட்டும் ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’. 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. 1963இல் திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்று பட்டம். 1964இல் ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, மூன்றும் ஒரே வருஷத்தில். ஒன்றில் வடக்கத்தி ராகங்கள், ஒன்றில் துள்ளல், ஒன்றில் பெரும் வாத்தியக் கூட்டத்தின் இரைச்சலும் அதற்குள் ஒரு தனிமையும். 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’. அதோடு கோடு அறுந்தது.

ஏன் அறுந்தது? இருவரும் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசாததைக் கொண்டு ஊர் நிறையக் கதை கட்டியது. அந்தக் கதைகள் எனக்கு வேண்டாம். அறுந்த பிறகு ரஸிகன் என்ன செய்தான் என்பதுதான் எனக்கு முக்கியம். அவன் ஐந்தொகை போட்டான்.

மெட்டு விஸ்வநாதனுடையது, வாத்திய அமைப்பு ராமமூர்த்தியுடையது என்று ஒரு கட்சி. சாஸ்திரீய அஸ்திவாரம் ராமமூர்த்தி, அதன்மேல் எழுந்த கட்டடம் விஸ்வநாதன் என்று இன்னொரு கட்சி. ராமமூர்த்தி வெறும் துணை என்று மூன்றாவது கட்சி. இந்த மூன்றையும் நான் எங்கள் ஊர் டீக்கடைகளிலேயே கேட்டிருக்கிறேன். மூன்றும் தவறு என்பதற்குப் பிரிவுக்குப் பின் வந்த படங்களே சாட்சி. 1966இல் ராமமூர்த்தி தனியே இசையமைத்த ‘மறக்க முடியுமா’வைக் கேட்டவன் அவருக்கு மெட்டு வராது என்று சொல்ல மாட்டான். 1973இல் ‘உலகம் சுற்றும் வாலிப’னையும் 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தையும் கேட்டவன் விஸ்வநாதனுக்கு வாத்திய அமைப்பு தெரியாது என்று சொல்ல மாட்டான். இருவரிடமும் இரண்டும் இருந்தன. ஆகவே வேலைப் பங்கீடு என்ற விளக்கம் விழுந்துவிடுகிறது.

ஆனாலும் ஏதோ ஒன்று 1965இல் முடிந்தது. அதை மறுப்பதும் நேர்மையல்ல. விஸ்வநாதனின் பிற்காலப் பாடல்களில் எவ்வளவோ அற்புதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வேகம், ஒரு விடுதலை, எதையும் செய்து பார்க்கலாம் என்கிற தைரியம். ஆனால் 1961–65 பாடல்களில் இருக்கிற ஒரு தயக்கம் அவற்றில் இல்லை. தயக்கம் என்று நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு சொற்றொடர் எழுந்து, நின்று, இது சரிதானா என்று பக்கத்திலிருப்பவனைப் பார்த்துவிட்டு மேலே போகிற மாதிரி ஒரு தாமதம். பக்கத்தில் இன்னொரு காது இருந்ததன் அடையாளம் அது. ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடிய ஒரு காது. அந்தக் காது பாராட்டியது முக்கியமல்ல, மறுத்திருக்கக்கூடும் என்பதே முக்கியம். சிருஷ்டியில் கூட்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் இதுதான். கேட்ட பாட்டுக்குப் பின்னால் கேட்காமல் போன பாட்டுகள் எத்தனை இருக்கும் என்று நாம் யோசிப்பதில்லை. அவையும் அந்த இருவரின் படைப்புகள்தாம்.

3

இங்கே இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ‘ஆதி அணி’ என்று நாம் சொல்வது யாரை?

1964இல் வந்த ‘சர்வர் சுந்தர’த்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே திரையில் காட்டுகிற ஒரு பாட்டு வரும். விஸ்வநாதன் நின்று கையசைத்து நடத்துகிறார். சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுகிறார். சுற்றிலும் வாத்தியக்காரர்கள். கதைக்குள் அது ஒரு வேடிக்கைக் காட்சி. எனக்கு அது ஒரு ஆவணம். அந்தக் காலத்துப் பாட்டு ஒரே அறையில், ஒரே மூச்சில் பதிவானது. பாடகனும் வயலின்களும் தபலாவும் ஒரே சமயத்தில் இருந்தாக வேண்டும். நடுவில் ஒருவன் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டே வாசித்தார்கள். நான் மேலே சொன்ன அந்த இன்னொரு காது ராமமூர்த்தியுடையது மட்டுமல்ல, அந்த அறை முழுவதுமே ஒரு காதாக இருந்தது. உதவியாளர்கள் கோவர்த்தனம், ஹென்றி டேனியல், எழுதிக்கொடுத்த கண்ணதாசன், சுசீலா, ஸ்ரீனிவாஸ், பெயர் பதிவாகாத எத்தனையோ வயலின்காரர்கள்.

1995இல் மீண்டும் சேர்ந்தபோது திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். அந்த அறை திரும்பி வரவில்லை. கண்ணதாசன் 1981இலேயே போய்விட்டார். பல தடங்களில் தனித்தனியே பதிவு செய்து பின்னால் சேர்க்கும் முறை நிலைபெற்றுவிட்டது. பாடகன் ஒரு நாள் வருவான், வாத்தியம் இன்னொரு நாள் வரும். ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரு பாட்டு முடிந்துவிடும். வெளியே ‘ரோஜா’ வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இளைஞர்களின் காது வேறொரு ஒலிக்குப் பழகிவிட்டது. இரண்டு மனிதர்கள் முப்பது வருஷ மௌனத்தைத் தாண்டி வந்து கைகோத்தார்கள். ஆனால் அவர்கள் கைகோத்து நின்ற இடம் அவர்கள் விட்டுப்போன இடம் அல்ல.

ஆகவே ‘பழைய மாதிரி இல்லை’ என்று அந்த ஒலிநாடாவைத் தள்ளிய ரஸிகன் ஒன்றை யோசிக்கவில்லை. பழைய மாதிரி இருப்பதற்கு அவர்கள் இருவரும் போதாது. அவனும் திரும்பி வந்திருக்க வேண்டும். அதாவது வானொலியில் எப்போது ஒலிபரப்புவார்கள் என்று தெரியாமல், தெருவில் நடந்துபோகும்போது யார் வீட்டு ஜன்னலிலிருந்தோ பாதிப் பாட்டு காதில் விழுந்து, மீதிப் பாதிக்கு வாரக்கணக்கில் காத்திருந்த அந்தப் பதினெட்டு வயசுப் பையன். அவனும் அந்த ஆதி அணியில் ஒரு அங்கத்தினன். அவன் வராத குறையை இரண்டு கிழவர்கள் மேல் சுமத்துவது அநியாயம்.

4

வெளியுலகத்தைப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் தெளிவாகிறது.

அதே 1995இன் முடிவில் லண்டனிலிருந்து ஒரு பாட்டு வெளிவந்தது. 1970இல் கலைந்துபோன பீட்டில்ஸ் நால்வரில் ஜான் லென்னன் 1980இலேயே கொல்லப்பட்டுவிட்டார். அவர் வீட்டில் பியானோவோடு தனியே பாடிப் பதிவு செய்து வைத்திருந்த ஒரு நாடாவின் மேல் மற்ற மூவரும் தங்கள் பங்கைச் சேர்த்து, பீட்டில்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். 2001இல் ஜார்ஜ் ஹாரிசனும் இறந்தார். 2023இல் மீதி இருவரும் அதே மாதிரி இன்னொரு நாடாவிலிருந்து, கம்ப்யூட்டரைக் கொண்டு பியானோவிலிருந்து குரலைத் தனியே பிரித்தெடுத்து, இன்னொரு பாட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டு உயிர், இரண்டு நாடா: நால்வர். ரஸிகர்கள் அழுதார்கள்.

2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாம் நகரத்தில், தாங்கள் பிறந்து வளர்ந்த பேட்டையிலேயே, பிளாக் சபாத் குழுவின் ஆதி நால்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். நால்வரும் அப்படி நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நடக்க முடியாத நிலையில் ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழு நாள் கழித்து இறந்துபோனார். அந்தக் கூட்டம் போனது பாட்டுக் கேட்கவா, விடைகொடுக்கவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர்களும் அப்படிப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கே அணி என்றால் உடம்புகள். நான்கு உடம்பு ஒரு மேடை. கிதார்க்காரன் எந்தப் பக்கம் நிற்பான், டிரம் வாசிப்பவன் எப்படிக் குனிவான் என்று ரஸிகன் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவன். நம் ரஸிகன் விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் சேர்த்துப் பார்த்ததே அபூர்வம். அவன் பார்த்தது திரையில் ஓடும் எழுத்து. ‘இசை: விஸ்வநாதன் – ராமமூர்த்தி.’ கொட்டகையில் அந்த எழுத்து வந்ததும் விசில் அடித்தவன் அவன். அவனுடைய ஆதி அணி ஒரு அச்சுக் கோவை, அவனுக்கு வேண்டியிருந்தது அந்தச் சிறு கோடு. 1995இல் அது திரும்பக் கிடைத்தது. கிடைத்த பிறகு பாட்டைக் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லாமல் போனதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

நம் மரபில் எப்போதும் பெயர்தான் பெரிது, கேள்வி சிறிது. 2012இல் அரசு சார்பில் அல்ல, ஒரு தொலைக்காட்சி விழாவில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் கொடுத்தார். ஆளுக்கு அறுபது பொற்காசு, ஆளுக்கு ஒரு கார். சேர்த்து வைத்த விழாவில் தனித்தனிக் கார். இதில் கேலி ஏதுமில்லை, அதுதான் நியாயமும்கூட. 2013 ஏப்ரலில் ராமமூர்த்தி காலமானார். 2015 ஜூலையில் விஸ்வநாதன்.

இன்று ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மன் கோயில் ஆர்க்கெஸ்ட்ராக்களில், அறிவிப்பாளர் 1962ஆம் வருஷத்துப் பாட்டை ‘எம்.எஸ்.வி. இசையில்’ என்றுதான் அறிவிக்கிறார். கோட்டுக்குப் பின்னால் இருந்த பெயர் உதிர்ந்துவிட்டது. வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கும்போது ‘எய்தர் ஆர் சர்வைவர்’ என்று ஒரு கட்டத்தில் குறி போடுவோம். இருவரில் யாரும் எடுக்கலாம், மிஞ்சியவர் முழுதும் எடுக்கலாம். புகழும் இப்படித்தான் பட்டுவாடா ஆகிறது. அதிகம் கண்ணில் பட்டவர் பெயரில் முழுத்தொகையும் வரவு. அந்த இருவரும் சேர வேண்டும் என்று அவ்வளவு ஏங்கிய சமூகம், சேர்ந்திருந்த காலத்தில் செய்ததை ஒருவர் பெயரிலேயே எழுதிவிட்டது. சேர்க்கையின் மேல் உள்ள ஆசைக்கும் சேர்ந்து செய்த வேலையின் மேல் உள்ள மரியாதைக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் எனக்கு வேண்டாம்.

5

வாத்தியாரைப் பார்த்து எழுதுகிற மாதிரி இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோவது சௌகரியமாக இருக்கிறது. என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

என் தலைமுறையின் விஸ்வநாதன் – ராமமூர்த்தி, இளையராஜாவும் பாலசுப்பிரமணியமும். அவர்கள் பெயர்களுக்கு நடுவில் கோடு இருந்ததில்லை, ஆனால் எங்கள் காதில் இருந்தது. 2017 மார்ச்சில், பாலசுப்பிரமணியம் வெளிநாட்டில் கச்சேரிச் சுற்றில் இருந்தபோது, தன் அனுமதியின்றித் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் ஊர் இரண்டுபட்டது. 2019 ஜூன் 2ஆம் தேதி, இளையராஜாவின் பிறந்த நாளன்று, சென்னையில் ஒரே மேடையில் இருவரும். அதற்குமுன் ஒத்திகை அறையில் கட்டிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று வந்தது. எங்கள் ஊரில் அது ஊர் விசேஷம் மாதிரி. இளையராஜா ரமணாசிரமத்துக்கு வந்துபோகிறவர், ரமணர் மேல் பாடல்கள் செய்தவர் என்பதால் செங்கம் சாலைக்காரர்களுக்கு அவர் மேல் ஒரு உறவுமுறைப் பாத்தியதை உண்டு. “சேந்துட்டாங்கப்பா” என்று ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் மற்றவருக்குச் சொன்னதைக் கேட்டேன். யாரென்று பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்து நானும் கண் கலங்கினேன். கவுன்ட்டருக்குப் பின்னால், போனை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு.

அன்று இரவு எனக்கு ஒன்று உறைத்தது. அந்த நோட்டீஸில் ஒரு கேள்வி இருந்தது. பாட்டு யாருடையது? மெட்டமைத்தவனுடையதா, எழுதியவனுடையதா, தொண்டையைக் கொடுத்தவனுடையதா, பணம் போட்டவனுடையதா? 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இசையமைப்பாளனுக்கும் பாடலாசிரியனுக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு பங்கு உண்டு என்று எழுதினார்கள். பாடகனுக்கும் தன் நிகழ்ச்சியின் மேல் ஒரு உரிமை உண்டு. இவை மோதிக்கொள்ளும் இடத்தில்தான் அந்தச் சண்டை நடந்தது. கலையைப் பற்றி நம் சமூகம் தற்செயலாகத் தடுக்கி விழுந்த மிகச் சில நல்ல கேள்விகளில் அது ஒன்று. அந்த இரண்டு வருஷத்தில் அதை யார் விவாதித்தோம்? ஒருவர் கர்வி, மற்றவர் பணிவானவர் என்று குணச்சித்திரம் எழுதினோம். அண்ணன் தம்பிச் சண்டையாக ஆக்கினோம். கட்டிக்கொண்டதும் கேள்வி தீர்ந்துபோனதாக நிம்மதி அடைந்தோம். கேள்வி தீரவில்லை, கேட்பாரற்றுப் போயிற்று, அவ்வளவுதான். 2020 செப்டம்பர் 25 அன்று பாலசுப்பிரமணியம் மறைந்த பிறகு அதைத் திரும்ப எடுப்பதே அபசாரம் என்றாகிவிட்டது.

ஒப்புக்கொள்கிறேன். நான் கண் கலங்கியது பாட்டுக்காக அல்ல. அந்தப் படத்தில் பாட்டே இல்லை. பிரிந்தவர்கள் சேர்ந்தால் பிரிவுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்கிற ஆசுவாசத்துக்காகக் கலங்கினேன். இந்த ஆசுவாசம் மனிதனுக்குத் தேவை. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், இரண்டு குடும்பம் பேசிக்கொள்வதற்கு அது வேண்டும். அதை நான் பழிக்க மாட்டேன். அதைக் கலை அனுபவம் என்று சொல்லாதீர்கள் என்பதே என் வாதம். கலையில் பிரிவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தை விழுங்கிவிட்டுச் சேர்கிறவர்கள் சேர்வது அங்கே அல்ல.

6

என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேர் இந்த ஊரிலிருந்து ஒரு பத்திரிகை நடத்தினோம். நான்கு இதழ்கள் வந்தன. பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாவது இதழுக்காக, எங்களில் ஒருவனின் முதல் கவிதைத் தொகுதிக்கு நான் ஒரு மதிப்புரை எழுதினேன். முப்பத்தெட்டுக் கவிதைகளில் ஆறுதான் கவிதை, மற்றவை ஆறையும் எழுதிய அதே கை எழுதிய பிரதிகள் என்பது அதன் சாரம். அது அச்சுக்குப் போகக்கூடாது என்று இருவர், போக வேண்டும் என்று இருவர். ஐந்தாவது இதழ் வரவில்லை. கிரிவலப் பாதையில் எதிரெதிரே வந்தால் மலையைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிற அளவுக்கு விவகாரம் முற்றியது.

போன மாதம் அவனே போன் பண்ணினான். பழைய ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒரு இதழ் கொண்டுவரலாம், சிறப்பிதழ் மாதிரி, அட்டையில் ஐந்து பேர் பெயரும் பழைய வரிசையிலேயே இருக்கட்டும் என்றான். செய்தி பரவி, பழைய சந்தாதாரர்கள் நாலைந்து பேர் சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கண் கலங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். அவரை எனக்குத் தெரியும். அந்த நான்கு இதழ்களில் எந்தக் கவிதையும் அவருக்கு நினைவில்லை. பத்திரிகையின் பெயர் நினைவிருக்கிறது.

நம் இலக்கிய வரலாறே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மணிக்கொடிக் குழு, எழுத்துக் குழு, கசடதபற குழு. குழுவின் புகைப்படத்தை மாட்டிவைக்கிறோம். அந்தக் குழுவுக்குள் ஒருவன் மற்றவனின் எந்த வரியை மறுத்தான், மறுக்கப்பட்டவன் அடுத்து எழுதியது எப்படி மாறியது என்று பார்ப்பதில்லை. பார்த்தால் அதுதான் வரலாறு. படம், வரலாறு முடிந்த பிறகு எடுப்பது.

அவனுக்கு நான் சொன்ன பதில் இது. “பழைய வரிசை வேண்டாம். இந்தப் பத்து வருஷத்தில் எழுதியதை அனுப்பு. நான் படித்து எனக்குப் பட்டதைப் பழையபடியே எழுதுவேன். என்னுடையதை நீ படித்து எழுது. இரண்டையும் அச்சில் போட்ட பிறகும் சேர்ந்து பத்திரிகை நடத்தலாம் என்று தோன்றினால் நடத்தலாம். அந்தப் பழைய மதிப்புரையை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஆறு என்று சொன்னது தப்பு. இப்போது படித்தால் ஒன்பது என்று படுகிறது. அதையும் எழுதுகிறேன்.”

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “எந்த மூணு?” என்றான்.

எங்கள் பத்திரிகையில் பத்து வருஷமாக நடக்காதது அந்த இரண்டு சொற்களில் நடந்ததாக எனக்குப் பட்டது. இதழ் வருமா, வராதா என்று தெரியாது. அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

வாத்தியார் இந்த நவம்பரில் வந்தபோது கேஸட்டை எடுத்துவந்து கொடுத்தார். எனக்கு வயசாகிவிட்டது, நீ கேள் தம்பி என்றார். பாட்டுப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி இரண்டு பக்கமும் கேட்டேன். கூச்சப்பட ஒன்றுமில்லை, கொண்டாடவும் அதிகமில்லை. தொழில் தெரிந்த இரண்டு பேர், தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு அறையில், மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் குரல் மேலே போக மனசில்லாமல் ஒரு கணம் நிற்கிறது. யாரையோ பார்த்துவிட்டுப் போகிற மாதிரி எனக்குக் கேட்டது. நானாகக் கற்பித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும்.

கேட்டாயா என்று அவர் கேட்டால் இந்த இடத்தைச் சொல்வதாக இருக்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்வதாக இருக்கிறேன். கேட்டால் முடிந்துவிடும் என்பது சரியல்ல. கேட்காமல் வைத்திருந்ததுதான் முப்பது வருஷமாக முடிந்தே கிடந்தது.